கொலஸ்ட்ராலுக்கு மூலிகை: எது, எந்த வழியில், எவ்வளவு வேலை செய்கிறது?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்ற வரிக்கு நேரே 160 என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் 'அதிகம்' என்று ஒரு குறி. விஷயம் வெளியே தெரிந்ததும் யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஒருவர் பச்சைப் பூண்டு என்பார், இன்னொருவர் ஊறவைத்த வெந்தயம் என்பார், குக்குலு மாத்திரைதான் சரி என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். இணையத்தில் தேடினால் சிவப்பு ஈஸ்ட் அரிசி, பெர்பெரின், மருதம்பட்டை என்று பட்டியல் இன்னும் நீளும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வாசகம் ஒட்டியிருக்கும்: 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது.'

இந்தப் பட்டியலில் எல்டிஎல்லை நிஜமாகவே குறைப்பவை சில உண்டு. பேர் பெரிதாக இருந்தும் சோதனையில் தேறாதவையும் உண்டு. பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். இது உடம்பில் எந்த இடத்தில் போய் என்ன செய்கிறது? மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? முதல் கேள்விக்குப் பதில் இருந்து இரண்டாவதற்கு இல்லை என்றால் அது இன்னும் ஊகம்தான். இரண்டுக்கும் நல்ல பதில் இருக்கிறதென்றால், பெயர் மூலிகையாக இருந்தாலும் அதை மருந்தாகவே நடத்த வேண்டும். அளவும் முக்கியம், பக்கவிளைவும் வரும்.

முதலில் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பலர் நினைப்பதுபோல அது முழுக்கச் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். வைட்டமின் டி, ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. கொழுப்பு ரத்தத்தில் கரையாது என்பதால் புரதம் போர்த்திய துகள்களில் ஏற்றித்தான் அதை அனுப்ப முடியும். அப்படிக் கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும் சரக்கு வண்டிதான் எல்டிஎல். அது தேவைக்கு மேல் அதிக நாள் சுற்றினால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படியத் தொடங்குகிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அடித்தளம் அங்கேதான் விழுகிறது.

கல்லீரல் செல்களின் மேல்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகள் என்று சில புரதங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் வரும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது இவற்றின் வேலை. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்தால் அது ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். ஏற்பிகள் கூடினால் ரத்தத்தில் எல்டிஎல் குறையும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இன்னொரு பாதை குடல் வழியாகப் போகிறது. கொலஸ்ட்ராலைக் கொண்டு கல்லீரல் பித்த அமிலம் செய்கிறது. அது பித்தநீரோடு குடலில் இறங்கி, கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டு, சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து மறுபடி கல்லீரலுக்கே திரும்பிவிடுகிறது. உடம்பு அவ்வளவு சிக்கனம். இந்தத் திரும்பி வரும் பாதையில் குறுக்கே நின்றால், கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்தாக வேண்டும்.

ஆக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று சொல்லப்படும் எதுவும் இந்த இடங்களில் ஏதாவது ஒன்றில் கைவைக்க வேண்டும். கல்லீரலின் தயாரிப்பைக் குறைக்கலாம், ஏற்பிகளைக் கூட்டலாம், குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கலாம், பித்த அமிலத்தைத் திரும்ப விடாமல் பிடிக்கலாம். 'ரத்தத்தைச் சுத்தப்படுத்தும்', 'கொழுப்பைக் கரைக்கும்' என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எந்த இடத்தில் எப்படி என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

குடலில் வேலை செய்பவை

பரபரப்பில்லாத, ஆனால் நம்பகமான ஒன்றிலிருந்து தொடங்கலாம்: இசப்கோல். இது பிளான்டாகோ ஓவாட்டா என்ற சிறு செடியின் விதையை மூடியிருக்கும் உமி. ஒரு தேக்கரண்டி உமியை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். முதலில் தவிட்டுத் தூள்போல மிதக்கும். சில நிமிடங்களில் தண்ணீர் கெட்டியாகி, கரண்டியைத் தூக்கினால் கூடவே வழவழவென்று இழுபடும். குடலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. அந்தக் கூழில் பித்த அமிலம் சிக்கிக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது.

தினமும் சுமார் 10 கிராம் எடுத்துக்கொண்டால் எல்டிஎல் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். 160 என்றால் 144-க்கும் 152-க்கும் இடையில் எங்கோ வந்து நிற்கும். பிரமாதமில்லைதான், ஆனால் பல சோதனைகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட பலன். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1998-ல் இசப்கோலின் கரையும் நார்ச்சத்துக்கு இதயநலம் சார்ந்த அறிவிப்பைப் பொட்டலத்தில் போட்டுக்கொள்ள அனுமதித்தது. நிறையத் தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. முழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. வேறு மாத்திரைகளையும் அந்தக் கூழ் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஓரிரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்தும் இதே வழியில்தான் போகிறது. அதற்குச் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 3 கிராம். வெந்தயத்திலும் கூழாகும் நார் நிறைய இருக்கிறது, அதனால் அது வேலை செய்யும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. ஆனால் வெந்தயத்தில் நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, தரமும் ஏற்ற இறக்கம். சர்க்கரையையும் அது கொஞ்சம் குறைக்கும். ஆகவே நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெந்தயப் பொடியை அள்ளி அள்ளிச் சாப்பிடத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாவர ஸ்டெரால் என்பது இன்னொரு வகை. செடிகளில் கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக இருக்கும் பொருள் அது, அமைப்பிலும் கொலஸ்ட்ராலின் சாயல். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படும் இடத்தை இது பிடித்துக்கொள்வதால் கொலஸ்ட்ரால் உள்ளே போக முடியாமல் வெளியேறுகிறது. தினம் 2 கிராம் என்ற அளவில் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் வரை குறைவதாகப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. சாதாரணச் சாப்பாட்டில் இந்த அளவு கிடைக்காது, சேர்த்துத் தயாரித்த பொருளாகத்தான் எடுக்க வேண்டும்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி: மூலிகைக்கும் மருந்துக்கும் நடுவில்

இந்தப் பட்டியலிலேயே சுவாரசியமானது இதுதான். மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வேகவைத்த அரிசியில் வளர்த்தால் அரிசி கருஞ்சிவப்பாக மாறும். சீனாவில் நூற்றாண்டுகளாக உணவுக்கு நிறம் சேர்க்கவும் மருந்தாகவும் பயன்பட்டுவந்த பொருள்.

1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ வேறொரு தேடலில் இறங்கினார். கொலஸ்ட்ரால் தயாரிப்பில் முக்கியமான ஒரு நொதியை முடக்கும் பொருளைப் பூஞ்சைகள் ஏதாவது சுரக்கின்றனவா என்பதுதான் தேடல். ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து, ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கும் ஸ்டாடின் என்ற மருந்து வகையில் உலகின் முதலாவது அது. 1979-ல் மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து மொனாகோலின் கே என்ற இன்னொரு பொருளையும் பிரித்தார். 1987-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டாடினும் இந்த மொனாகோலின் கேயும் வேதியியல்படி ஒன்றேதான். அணுவுக்கு அணு வித்தியாசம் கிடையாது.

'ஸ்டாடின் வேண்டாம், இயற்கையாகவே பார்த்துக்கொள்கிறேன்' என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைக்கு மாறுகிறவர், அதில் உண்மையாகவே சரக்கு இருந்தால், ஸ்டாடினைத்தான் சாப்பிடுகிறார். எல்டிஎல் குறைவதும் அதனால்தான். சீனாவில் ஏற்கனவே மாரடைப்பு வந்த ஏறத்தாழ 5,000 பேரிடம் இதன் சாறைத் தரப்படுத்திக் கொடுத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு மறு மாரடைப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. ஒரு மூலிகைத் தயாரிப்புக்கு இப்படி ஓர் ஆய்வு இருப்பது அபூர்வம்.

சிக்கல் அளவில் இருக்கிறது. மருந்துக் கடை ஸ்டாடினில் 10 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் உள்ளே 10 மில்லிகிராம் இருக்கும். சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளை அமெரிக்காவில் வாங்கிச் சோதித்த ஆய்வொன்றில், 2017-ல், ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் மொனாகோலின் கே அளவில் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம் தெரிந்தது. சிலவற்றில் அது சுத்தமாக இல்லை. பூஞ்சையைச் சரியாக வளர்க்காவிட்டால் சிட்ரினின் என்ற நச்சு சேர்ந்துவிடும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2024-ல் ஜப்பானில் இந்த வகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. தயாரிப்பின்போது வேறொரு பூஞ்சை புகுந்து பியூபெருலிக் அமிலம் என்ற பொருளைக் கலந்துவிட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

ஸ்டாடின் எடுப்பவர்களில் சிலருக்கு வரும் தசைவலியும் கல்லீரல் நொதி உயர்வும் இதிலும் வரலாம். கர்ப்பிணிகள் இதை எடுக்கக் கூடாது. ஏற்கனவே ஸ்டாடின் சாப்பிடுகிறவர் 'இதுவும் இருக்கட்டும்' என்று சேர்த்துக்கொண்டால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் முழுங்குகிறார் என்று அர்த்தம். இப்படிப்பட்ட பாதுகாப்புக் கவலைகள் காரணமாகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு நாளைக்கான அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது.

மர மஞ்சள் வகைச் செடிகளிலிருந்து கிடைக்கும் பெர்பெரின் வேறொரு வழியில் போகிறது. கல்லீரலில் எல்டிஎல் ஏற்பியைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுச் செய்தி (எம்ஆர்என்ஏ) சீக்கிரம் சிதையாமல் காப்பாற்றி, ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. 2004-ல் சீனாவில் செய்த ஆய்வில் மூன்று மாதத்தில் எல்டிஎல் 25 சதவீதம் குறைந்தது. கேட்கப் பெரிய எண், ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அப்புறம் வந்த ஆய்வுகளிலும் பலன் தெரிகிறது, அதே அளவில் எப்போதும் இல்லை. வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும் அடிக்கடி வரும் தொந்தரவுகள். பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலையைத் தீவிரமாக்கக் கூடும் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் பக்கமே போகக் கூடாது. உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் அளவை இது ரத்தத்தில் கூட்டிவிடும்.

பேர் பெரிது, பலன் சிறிது

பூண்டுக்கு இருக்கிற நல்ல பெயர் வேறு எதற்கும் கிடையாது. பழைய சிறு ஆய்வுகள் பல பூண்டுக்குச் சாதகமாகவே இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு கொஞ்சம் கறாரானது. எல்டிஎல் மிதமாக உயர்ந்திருந்த 192 பேரை நான்காகப் பிரித்து, பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி மாத்திரை, பதப்படுத்திய பூண்டுச் சாறு, வெற்று மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். யாருக்கும் எல்டிஎல்லில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்க்கும் சில தொகுப்புகள் சிறு குறைவு உண்டு என்கின்றன. இருக்கலாம். சமையலில் பூண்டு சேர்ப்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் மருந்துக்குப் பதிலாக அதை நம்பி இருப்பது வேறு விஷயம்.

குக்குலுவின் கதை இன்னும் பாடம் மிக்கது. ஆயுர்வேதத்தில் வெகுகாலமாக இருக்கும் பிசின் இது. 1960-களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி முயல்களில் செய்த ஆய்வுதான் கொலஸ்ட்ரால் பக்கம் இதன்மேல் நவீன வெளிச்சம் விழக் காரணம். இந்தியாவில் நடந்த சோதனைகள் நம்பிக்கை தந்தன, 1980-களில் இந்தியாவில் இது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. பித்த அமிலத்தை உணரும் ஒரு ஏற்பியை இது தடுக்கிறது என்று 2002-ல் வழிமுறையும் விளக்கினார்கள். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறு வருடமே இரண்டாவது கேள்வியில் சறுக்கியது. பென்சில்வேனியாவில் 103 பேரிடம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தால், குக்குலு எடுத்தவர்களுக்கு எல்டிஎல் 4, 5 சதவீதம் கூடியிருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 5 சதவீதம் குறைந்திருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு. உணவுமுறை வேறு, மக்கள் வேறு என்று காரணம் சொல்லலாம். ஆனால் யாருக்கு வேலை செய்யும், யாருக்குக் கூட்டிவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்றை எப்படி நம்பிச் சாப்பிடுவது? போதாக்குறைக்கு, அந்தப் பிசின் தரும் மரமே பெரும் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம்.

கரும்பு மெழுகிலிருந்து எடுக்கும் போலிகோசனால் இதைவிடப் பட்டவர்த்தனம். கியூபாவில் நடந்த ஆய்வு ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஸ்டாடினுக்கு ஈடான பலன் காட்டியது. வெளியார் சோதிக்கட்டும் என்று ஜெர்மனியில் 143 பேரிடம் நான்கு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள், 2006-ல் முடிவு வந்தது. எந்த அளவிலும் வெற்று மாத்திரைக்கு மேல் பலன் இல்லை. ஓர் ஆய்வுக்குழு மட்டும் திரும்பத் திரும்பக் காணும் பலனை இன்னொரு குழு கண்டதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுப்பது நல்லது.

2022-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஒரே ஆய்வில் பலவற்றை வரிசையாக நிறுத்தியது. மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு மாத்திரைகளோடு, ரோசுவாஸ்டாடின் என்ற ஸ்டாடினை மிகக் குறைந்த 5 மில்லிகிராம் அளவில் 28 நாள் ஒப்பிட்டார்கள். ஸ்டாடின் எடுத்தவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ 38 சதவீதம் இறங்கியது. 160 என்றால் 99. ஆறு மாத்திரைகளில் எதுவும் வெற்று மாத்திரையைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. 28 நாள் குறைவு, வேறு பிராண்ட் எடுத்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம் என்ற விமர்சனங்கள் நியாயமானவையே. ஆனாலும் 38 எங்கே, ஒற்றை இலக்கம் எங்கே.

அப்படியென்றால் 'எனக்குப் பூண்டு சாப்பிட்டுக் குறைந்ததே' என்பவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒருவருடைய எல்டிஎல் இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் 5 முதல் 10 சதவீதம் வரை ஏறி இறங்கும். எண் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியம் தேடுவோம், அடுத்த முறை அது தானாகவே சற்று இறங்கி நிற்க வாய்ப்பு அதிகம். அதோடு பயத்தில் எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்திருப்பார், நடக்கத் தொடங்கியிருப்பார். பெயர் மட்டும் பூண்டுக்குப் போய்விடும்.

எண் குறைவதும் இதயம் காப்பாற்றப்படுவதும் எப்போதும் ஒன்றாக வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். டார்செட்ராபிப் என்ற மருந்து 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல்லை வெகுவாகக் கூட்டியது, எல்டிஎல்லையும் குறைத்தது. 2006-ல் அதன் பெரிய சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு கூடியிருந்ததால். ஸ்டாடின்களில் எல்டிஎல் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தறிந்த கணக்கு. பெரும்பாலான மூலிகைகளுக்கு இப்படிப்பட்ட கணக்கு இல்லை.

எடுப்பதற்கு முன்

எல்டிஎல் 190-ஐத் தாண்டியவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் மூலிகையை நம்பி மாதங்களைத் தள்ளக் கூடாது. சுமார் 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்டிஎல் அதிகமாக இருக்கும் மரபுக் கோளாறு உண்டு. குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அவர்களுக்கு இசப்கோல் துணைக்கு வரலாம், தனியாகப் போதாது.

பச்சைத் தேயிலைச் சாறு, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை இரண்டிலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. தேநீராகக் குடிப்பதும் சமையலில் சேர்ப்பதும் வேறு, சாறாகச் செறிவாக்கி முழுங்குவது வேறு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குப் பூண்டு மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டலாம், அறுவை சிகிச்சைக்கு முன்பும் அதைச் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சில ஸ்டாடின்களின் பலனைக் குறைக்கும். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் விற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பொட்டலத்தைத் திருப்பி, எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'மூலிகைக் கலவை 500 மில்லிகிராம்' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் உள்ளே எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, மருத்துவரும் கேட்டுவிட்டு 'முயன்று பாருங்கள்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். தொடங்குவதற்கு முன் ஒருமுறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து ஒருமுறை, முடிந்தால் அதே ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். இடையில் உணவையும் நடையையும் மாற்றியிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். தசைவலி, கருத்த சிறுநீர், கண் மஞ்சளாவது என்று ஏதாவது தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள், அவருக்குப் பெயரைவிட லேபிள்தான் உதவும். பன்னிரண்டு வாரம் கழித்தும் எல்டிஎல் 160-ஐ விட்டு நகரவில்லை என்றால் அந்த மூலிகையை அதோடு விட்டுவிடலாம்.